கச்சானுக்கும் மாரிக்கும் நடுவே ஒரு வாடகை வீடு

திருகோணமலையில் வாடகை வீடு தேடி அலைகிறவர்களில் இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர்கள்தான் அதிகம். 1988இல் இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்துக்குத் தலைநகரான ஊர் இது. 2007இல் மாகாணங்கள் பிரிந்த பிறகும் கிழக்கின் தலைநகராகவே இருக்கிறது. மாகாணத் திணைக்களங்கள், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், பெரியாஸ்பத்திரி, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம், சீனக்குடாப் பக்கத்தில் மா ஆலை, சீமெந்து ஆலை என்று வேலைத்தலங்களுக்குக் குறைவில்லை. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மலையகம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் மட்டக்களப்பிலிருந்து வந்தவள்தான். முதலில் தனியாக ஓர் அனெக்ஸ் (வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய சின்னக் குடியிருப்பு), கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாடி வீடு, இப்போது பிள்ளையோடு வளவுள்ள தனி வீடு. எல்லாம் வாடகைதான். கந்தோருக்குப் புதிதாக யாராவது வந்தால், "அந்த அக்காட்டக் கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி நேரத்தில் சொல்வதை ஒரு தடவை எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதைத்தான். அது ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். உவர்மலையிலும் நகருக்குள்ளும் கூடுதலாக இருக்கும்; பாலையூற்று, அன்புவழிபுரம், இலுப்பைக்குளம் என்று வெளியே போகப் போகக் குறையும். ஆனால் மாதாமாதம் கையைக் கடிப்பது வேறு விஷயங்கள். தண்ணீர், வெக்கை, லைற் பில், வீட்டுக்காரர் எப்போது எழும்பச் சொல்வார் என்பது. இவற்றை வீட்டுக்குப் போய் நின்று கேட்டால்தான் பிடிபடும்.

கொழும்பில் இருப்பதுபோல் அடுக்குமாடி அப்பார்ட்மென்ட் தேடினால் இங்கே ஏமாற்றம்தான். கிடைப்பது பெரும்பாலும் அனெக்ஸ், வீட்டுக்காரர் கீழே இருக்கும் மாடி, அல்லது லண்டனிலோ கனடாவிலோ இருப்பவரின் பூட்டிக்கிடக்கும் வீடு. இணையத்தில் விளம்பரம் வரும், பேஸ்புக் குழுக்களும் உண்டு. அவற்றில் வருவது நல்ல வீடு என்றால் நாம் பார்ப்பதற்குள் போயிருக்கும், போகாமல் கிடந்தால் ஏன் போகவில்லை என்று யோசிக்க வேண்டும். எனக்குக் கிடைத்த நல்ல வீடுகள் எல்லாம் வாய்ப்பேச்சில் வந்தவை. எந்த ஒழுங்கை பிடித்திருக்கிறதோ அந்த ஒழுங்கை முகப்பில் உள்ள கடையில் பாண் வாங்கிக்கொண்டு கேளுங்கள். யார் எழும்பப்போகிறார்கள், யாருடைய வீட்டில் மோட்டர் அடிக்கடி பழுது, எந்த வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்கொரு முறை வாடகை கூட்டுவார் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகையை அவருக்கு எடுத்துவைக்க வேண்டிவரும். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தேடுவதற்கு நல்ல காலம் டிசம்பர். ஜனவரியில் ஆசிரியர், உத்தியோகத்தர் இடமாற்றங்கள் நடைமுறைக்கு வருவதால் அப்போதுதான் வீடுகள் காலியாகும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் பெய்துவிடும். டிசம்பரில் வீடு பார்க்கப் போனால் எந்தச் சுவர் ஊறுகிறது, எந்த ஒழுங்கையில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கிறது என்பதை ஒருவரும் மறைக்க முடியாது. ஜூலையில் பார்த்தால் எல்லா வீடும் காய்ந்து அழகாகத்தான் இருக்கும். ஜூலையில்தான் பார்க்க முடியும் என்றால், கதவு நிலையின் அடிப்பகுதியையும் மதிலின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு இருக்கும். புதுப் பெயின்ற் அடித்திருந்தாலும் நிலைமரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நாம் வீட்டைப் பார்க்கிற அதே நேரம் வீட்டுக்காரர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எந்த ஊர்? அங்க எந்தப் பக்கம்? ஆரிட ஆக்கள்?" இந்த மூன்றாவது கேள்வி எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். கேட்காமல் விடுகிறவர்களும் உண்டு என்பது ஆறுதல். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் கலந்து வாழும் ஊரில், வீடு கொடுக்கும்போது மட்டும் பலர் தங்கள் ஆட்களுக்குத்தான் கொடுப்போம் என்று நிற்கிறார்கள். அதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேடுகிறவருக்கு நேரம் மிச்சமாக, தொலைபேசியிலேயே யாரென்று சொல்லிக் கேட்பது நல்லது. மச்சம் சமைப்பீர்களா என்ற கேள்வியும் வரும். சைவ வீட்டு அனெக்ஸுக்குப் போய், வெள்ளிக்கிழமை மட்டும் மச்சமில்லை என்று சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மீன் பொரித்தால் மணம் மதில் தாண்டும். தனியாக இருக்கும் பெண் பிள்ளைகளிடம், யார் வந்து போவார்கள், இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்ட வேண்டும் என்ற விசாரணையும் நடக்கும். அது பிடிக்கவில்லையென்றால் தனி வாசல் உள்ள அனெக்ஸாகப் பாருங்கள். வீட்டுக்காரரின் ஹோல் வழியாகப் போய்வரும் அறையில் எந்த ஒப்பந்தமும் நம்மைக் காப்பாற்றாது.

இனித் தண்ணீர். நகரத்துக்குக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது, குளக்கோட்டன் கட்டியதென்று ஊர் சொல்லும் அதே குளம். குழாய்நீர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்பார்கள். கேட்க வேண்டியது, அந்தக் குழாய் நம் குசினிக்கு வருகிறதா, அல்லது முற்றத்தில் ஒரு பைப்போடு நின்றுவிடுகிறதா என்பது. பல அனெக்ஸ்களில் மேல் தாங்கிக்குக் கிணற்றுத் தண்ணீரை ஏற்றி, பாத்ரூமுக்கும் குசினிக்கும் அதையே விடுகிறார்கள். கடற்கரையோரக் கிணறு என்றால் உவர் கலந்திருக்கும். கண்ணால் பார்த்தால் பளிங்கு போலத்தான் இருக்கும்.

அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு பார்க்கப் போனபோது, வீட்டுக்கார அன்ரி வாளியால் அள்ளிக் காட்டி, "நல்ல தண்ணி பிள்ளை, குடிக்கவே குடிக்கலாம்" என்றார். நான் கைப்பையில் கொண்டுபோன சோப்பை எடுத்துக் கையில் தேய்த்தேன். நுரையே வரவில்லை. தயிர் திரிந்ததுபோல வெள்ளையாக ஏதோ கையில் ஒட்டியது. அன்ரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலைக்கு மட்டும் பைப் தண்ணி எடுங்க" என்றார். நல்ல மனுஷி, பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் அந்தத் தண்ணீரில் வாழ்ந்து பழகியவர். ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, தேத்தண்ணி கறுக்கும், தலைமயிர் கயிறாகும், கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படியும். வீடு பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சோப்புத்துண்டு கையில் இருக்கட்டும்.

கோடையில் குழாய்நீர் அழுத்தம் குறையும். மேல்மாடி வீடென்றால் நிலத்தில் ஒரு தாங்கியும் மோட்டரும் இருக்கின்றனவா, அந்த மோட்டர் யாருடைய மீற்றரில் ஓடுகிறது என்றும் பாருங்கள்.

மீற்றர் என்றதும் லைற் பில்லைச் சொல்லியாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுக்காரரும் அதிகம் சண்டைபிடிப்பது இதில்தான். வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டணப் பட்டியல். 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு பட்டியல். அதற்கு மேல் 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். இப்போது யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் 60 அலகு, அனெக்ஸில் இருப்பவர் 60 அலகு. இருவருக்கும் தனித்தனி மீற்றர் என்றால் இருவருமே கீழ்ப் படியில். ஒரே மீற்றர் என்றால் 120 அலகு. இருவரும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுகிறார்கள். இதைச் சரிபாதியாகப் பிரித்தாலும் நட்டம்தான். வீட்டுக்காரரிடம் ஏசி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சப் மீற்றர் பூட்டியிருக்கிறோம் என்பார்கள். அது நம் அலகை எண்ணும், படியை மாற்றாது. மொத்தப் பில்லை மொத்த அலகால் பிரித்து, வரும் விலையை நம் அலகால் பெருக்குவதுதான் வழமை. அதற்கு ஒத்துக்கொண்டால், ஒவ்வொரு மாதமும் பில்லின் பிரதியைக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்துப் பேசுங்கள். கூடிய மட்டும் தனி மீற்றர் உள்ள வீடாகப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 75 வாற்ஸ் சீலிங் ஃபேன் ஒன்று நாளுக்கு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 அலகுக்கு மேல் வரும். இந்த ஊரில் மே முதல் செப்டெம்பர் வரை ஃபேனை நிற்பாட்டித் தூங்க முடியுமா என்று இங்கே இருக்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

அந்த மாதங்களில்தான் கச்சான் வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சுடச்சுட மேற்கிலிருந்து இறங்கிவரும் காற்று. பகல் முழுக்கப் புழுதியும் வெக்கையும். பின்னேரம் கடற்காற்று எடுத்தால்தான் உயிர் வரும். ஆகவே கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா, அது திறக்குமா, திறந்தால் பக்கத்து வீட்டு மதில்தானா என்று பார்க்க வேண்டும். மேற்குப் பார்த்த குசினியில் கச்சானுக்கு அடுப்பு நின்று எரியாது. கூரைக்குச் சீற் போட்ட வீடு பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கும், ஆனால் இரவில் சீக்கிரம் ஆறும். கொங்கிறீற் தட்டுக்குக் கீழே உள்ள மேல்மாடி பகலில் பரவாயில்லை, இரவு பன்னிரண்டு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். ஓட்டு வீடும் முற்றத்தில் ஒரு வேம்பும் கிடைத்தால் வேறு குறைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வீடு பார்க்கப் பலரும் காலையில் போவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கும் ஒரு தடவை போங்கள். வீட்டுக்காரருக்குத் தூக்கம் கலையும், பரவாயில்லை.

கடலோரத்துக்கு இன்னொன்று. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஃபேன் தண்டு, ஜன்னல் கம்பி, கேற் கீல் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். கொங்கிறீற் கூரையின் அடியில் வெடிப்பும், உள்ளே கம்பி துருப்பிடித்த கபிலக் கோடும் தெரிந்தால் அதற்குக் கீழே கட்டில் போட வேண்டாம். தாழ்வான கரையோரம் என்றால் 2004 சுனாமிக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலட்டையில் கேட்பதும் தப்பில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மாவட்டத்தின் வடக்குப் பக்கமாகக் கரைகடந்த இரவில் எந்த ஒழுங்கையில் கரண்ட் போனது, எங்கே மரம் விழுந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இங்கே உல்லாசப் பயணிகளின் பருவம் மேயில் தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் போகும், கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். மாரியில் மலிவாகக் கொடுத்த வீட்டை, சித்திரை முடிய அறை அறையாக நாள்வாடகைக்கு விட்டால் பல மடங்கு வரும் என்று வீட்டுக்காரருக்குக் கணக்குத் தெரியும். "மகள் பிள்ளைகளோட கனடாவால வாறா, வீடு தேவைப்படுது" என்று ஏப்ரலில் ஒரு கதை வரும். உண்மையாகவே மகள் வருகிற வீடுகளும் உண்டு. எங்களோடு வேலைசெய்த ஒரு தம்பி எழும்பிக்கொடுத்த வீட்டில் அடுத்த கிழமை வெளிநாட்டுக்காரர் உடுப்புக் காயப்போட்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். ஒரு வருடத்துக்குக் குறைந்த பேச்சு என்றால் அந்தப் பக்கம் வீடு எடுக்காதீர்கள்.

பேச்சு என்றேனே, அதைப் பற்றி. இந்த ஊரில் பாதி வீடுகள் வாய்ப்பேச்சில் ஓடுகின்றன, மீதியில் முத்திரை ஒட்டிய ஒரு தாளில் இருவரும் கையெழுத்து வைத்திருப்பார்கள். சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கென்று பேசியிருந்தாலும் அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் வலு இல்லை; மாதத்துக்கு மாதம் இருக்கிற குடியிருப்பாளராகத்தான் நாம் நிற்போம். அட்வான்ஸாகப் பெரிய தொகை கொடுக்கிறோம் என்றால் நொத்தாரிசுச் செலவைப் பார்த்துத் தயங்கக்கூடாது. அதே நேரம் நொத்தாரிசு உறுதியில் எழுதிய முடிவுத் திகதியையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காலம் முடிந்த பிறகும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி திறந்திருக்கிறது.

வீட்டுக்காரர் வெளிநாட்டில், சாவி தம்பிக்காரனிடம் என்றால், அந்தத் தம்பிக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அற்றோணித் தத்துவப் பத்திரம் இருந்தால் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரோடு வீடியோவில் பேசி, வாடகையை அவருடைய வங்கிக் கணக்குக்கே போடுங்கள். அண்ணன் தம்பிக்குள் பிணக்கு வந்தால் முதலில் நசுங்குவது வாடகைக்கு இருப்பவர்தான்.

அட்வான்ஸில் இரண்டு வகை உண்டு. எழும்பும்போது முழுதாகத் திருப்பித் தருவது ஒன்று, மாதாமாதம் வாடகையில் பாதியைக் கழித்துக்கொண்டு போவது மற்றது. எது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எங்கள் மாடி வீட்டை விட்டு எழும்பியபோது, அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன் என்றார் வீட்டுக்காரர். நாங்கள் கொடுத்த காசை அவர் வாங்கின கிழமையே மகனின் வெளிநாட்டுச் செலவுக்குக் கொடுத்திருந்தார். அவரிடம் இருந்தால்தானே தருவார்? பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, பெயின்ற் செலவு என்று ஒரு துண்டு கழிந்தும் போனது. அதற்குப் பிறகு எடுத்த வீட்டின் ஒப்பந்தத்தில், எழும்புவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் அறிவித்தால் அந்த இரண்டு மாத வாடகையையும் அட்வான்ஸிலிருந்து கழிக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வீட்டுக்கார ஐயா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். மீதிப் பணம் சின்னதாகிவிட்டால் அவருக்கும் தலையிடி இல்லை. பெயின்ற் யார் அடிப்பது என்பதையும் அதிலேயே எழுதினோம்.

சில்லறை விஷயங்கள் சில. மலசலகூடக் குழி மாரியில் நிலத்தடி நீர் ஏறி நிரம்பும். பவுசர் கூப்பிடும் செலவு யாருடையது என்று முன்பே கேளுங்கள். குப்பை எடுப்பது நகருக்குள் ஒரு சபை, உப்புவெளிப் பக்கம் பட்டினமும் சூழலும் பிரதேச சபை; எந்தக் கிழமை எந்த வண்டி வரும் என்பதைப் பக்கத்து வீட்டில் அறியலாம். நுளம்பு பெருகும் இடம் வளவில் இருந்தால் 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குடியிருப்பவரும் பதில் சொல்ல வேண்டும். கூரைப் பீலியில் தண்ணீர் தேங்கினால் வீட்டுக்காரரிடம் சொன்னேன் என்று சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தப்ப முடியாது, நீங்களே ஏறித் துடைத்துவிடுங்கள். கோட்டைப் பக்கத்திலும் நகருக்குள்ளும் மான்கள் ஆடுமாடு மாதிரித் திரியும். பார்க்க வடிவுதான். கேற்றைத் திறந்துவிட்டுப் போனால் கருவேப்பிலைக் கன்று மொட்டையாகியிருக்கும்.

கிழமை நாட்களில் மட்டும் தங்கி வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் பஸ் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் சின்ன அறை எடுத்தால் போதும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் கூடிவிட்டார்கள். மூதூர்ப் பக்கத்து ஆட்களும், பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக்கிடந்த காலம் போய், வீட்டிலிருந்தே வருகிறார்கள். உங்கள் ஊர் அவ்வளவு தூரத்தில் என்றால் வாடகையையும் பெற்றோல் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

குடிபுகும் நாளில் சாமான் இறக்குவதற்கு முன்பே மீற்றர் இலக்கத்தையும் தண்ணீர் மீற்றரையும் ஒவ்வொரு அறையின் சுவரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கிராம அலுவலரைப் போய்ப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். வதிவிடச் சான்றிதழ் தேவைப்படும் நாளில் முதல்முதலாக முகம் காட்டினால் அவர் அலையவைப்பார். எழும்பும் நாளிலும் மீற்றரைத் திரும்பப் படம் எடுங்கள். கடைசி லைற் பில் நாம் போன பிறகுதான் வரும், அதற்கென்று அட்வான்ஸில் ஒரு தொகையை அவர்கள் நிறுத்திவைப்பார்கள். பில் வந்த அன்றே பிரதியை அனுப்பச் சொல்லி, மீதியை எந்தக் கணக்குக்குப் போட வேண்டும் என்பதையும் எழுதிக்கொடுத்துவிட்டே சாவியைக் கையில் கொடுங்கள்.